1,452 யார்டு ஓடிய ரன்னிங் பேக்: டிராஃப்டில் எந்தச் சுற்று?

நாலாவது டவுன்:
அமெரிக்கக் கால்பந்தில் ஒரு கல்லூரி ரன்னிங் பேக்கை (பந்தை ஏந்தி ஓடுபவர்) என்எஃப்எல் (தொழில்முறை லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எங்கே வைப்பது? ஆள் பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு ரசிகர் சண்டையில் போய் முடியும். எஸ்இசி, பிக் டென் மாதிரி பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் குழு) இல்லை. 5 அடி 10 அங்குலம், 212 பவுண்டு, வயது 22. கடைசி சீசனில் 238 ஓட்டம், 1,452 யார்டு, சராசரி 6.1. கேட்ச் வெறும் 9. ஃபம்பிள் (பந்தைக் கைநழுவ விட்டது) 4. நாற்பது யார்டு 4.54 வினாடி. என் பட்டியலில் இரண்டாம் சுற்றில் இருக்கிறார். வெளியே பார்த்தால் பலரும் ஐந்தாம் சுற்று என்கிறார்கள். நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்?

ஹாஷ் கோடு:
அந்த 6.1-ஐ முதலில் பிரிச்சுப் பாருங்க. மிக நீளமான ஆறு ஓட்டத்தை எடுத்துட்டு மீதிக்குச் சராசரி போடுங்க. அடுத்து, ஒவ்வொரு ஓட்டமும் வேலைக்கு ஆச்சான்னு குறிங்க: முதல் டவுனில் (பத்து யார்டு எடுக்க நாலு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்) தேவையானதில் 40 சதவீதம், இரண்டாவதில் 60, மூன்றிலும் நான்கிலும் முழுசா. பாதி ஓட்டம்கூடத் தேறலைன்னா, 6.1 என்பது நாலைந்து வெடிப்பு ஓட்டம் தந்த அழகு.

அப்புறம் எதிரே பாக்ஸில் (லைனுக்கு அருகே நடுப்பகுதி) எத்தனை பேர் நின்னாங்கன்னு எண்ணுங்க. கல்லூரியில் ஆர்பிஓ ஆட்டத்தில் (ஓடவா வீசவான்னு பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஆட்டம் தொடங்கிய பிறகு முடிவு பண்ணுவார்) லைன்மேன் (முன்வரிசைத் தடுப்பாளர்) மூணு யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்-லில் ஒரு யார்டுதான். அதனால கல்லூரி லைன்பேக்கர் (தற்காப்பின் இரண்டாம் வரிசை ஆள்) ஓட்டமா பாஸான்னு ஒரு நொடி தடுமாறுவார். அந்த ஒரு நொடியில் கிடைச்ச ஆறு யார்டு உங்க ஆளோட சம்பாத்தியம் இல்லை.

ஹாஷ் கோடும் (ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும் இடத்தை மைதான நடுவில் வரம்பிடும் கோடு) அப்படித்தான். கல்லூரியில் இரண்டு ஹாஷுக்கும் நடுவே 40 அடி. என்எஃப்எல்-லில் பதினெட்டரை அடி. கல்லூரியில் பந்து ஒரு ஓரத்தில் இருந்தா மறுபக்கம் மைதானமே காலி. அந்தப் பக்கம் டாஸ் (பக்கவாட்டில் வீசிய பந்து) வாங்கி ஓடின யார்டைத் தனியா எழுதி வைங்க. மேலே போனா அந்த இடம் கிடைக்காது. நம்பி எடுத்துக்க வேண்டியது, முதல் ஆள் மேல கை வச்ச பிறகு வந்த யார்டு. அது லைன் போட்ட பிச்சை இல்லை.

பத்து யார்டு:
வேகத்தை எடையோடு சேர்த்துப் பார்க்க ஒரு பழைய கணக்கு உண்டு: எடையை 200-ஆல் பெருக்கி, நாற்பது யார்டு நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 212 பவுண்டு, 4.54 என்றால் கிட்டத்தட்ட 99.8. நூறுதான் நடுத்தரம், குறையுமில்லை, சிறப்புமில்லை. அதைவிட முதல் பத்து யார்டு நேரத்தைத் தேடுங்கள். ரன்னிங் பேக் முழு நாற்பதையும் நேராக ஓடுவது ஆட்டத்துக்கு ஒருமுறை நடந்தால் பெரிது.

நேரத்தைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். ரன்னிங் பேக் கைரன் வில்லியம்ஸ் கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனை) 4.65 ஓடினார், 2022-இல் ஐந்தாம் சுற்று வரை இறங்கினார், 2023-இல் 12 ஆட்டத்தில் 1,144 யார்டு எடுத்தார். பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கைத் தாக்கக் கூடுதல் ஆள் பாய்வது) தடுப்பதில் கெட்டிக்காரர் என்பதால் பயிற்சியாளர் அவரை மூன்றாவது டவுனிலும் வெளியே எடுக்கவில்லை.

நாலாவது டவுன்:
ஆறு நீள ஓட்டமும் சேர்ந்து 372 யார்டு. மீதி 232 ஓட்டத்துக்கு 1,080, அதாவது 4.66. பிறகு, மூன்றாவது டவுனில் இன்னும் எடுக்க வேண்டிய யார்டு அதிகம் என்றால் (பெரும்பாலும் பாஸ் வரும் நேரம்) இவரை உட்கார வைத்து வேறொருவரை இறக்குகிறார்கள். அதை இதுவரை பெரிதாக எடுக்கவில்லை.

ஏ கேப்:
உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. 9 கேட்ச் என்பது கை மோசம் என்று ஆகாது, அந்த அணி அவருக்கு வீசியே இருக்காது. பாஸ் தடுப்பு, அதாவது குவார்ட்டர்பேக் வீசும்போது அவரைக் காப்பது, அப்படியில்லை. சொந்தப் பயிற்சியாளரே நம்பவில்லை என்றால் என்எஃப்எல்-லின் 32 அணிகளும் காரணம் கேட்கும்.

டிவி ஒளிபரப்பில் இது தெரியாது, மொத்தம் 22 பேரும் தெரியும் படத்தைப் பாருங்கள். ஸ்நாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு) முன் அவர் தலை உள்ளிருந்து வெளியே திரும்புகிறதா? சென்டருக்கும் கார்டுக்கும் (லைனின் நடு ஆட்கள்) நடுவே வருபவன்தான் குவார்ட்டர்பேக்குக்கு மிகக் குறுகிய வழியில் வருபவன்; அவனை விட்டுவிட்டு வெளியே நிற்பவனை முறைத்தால் சேக்தான் (குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படுவார்). பிறகு கால். வருபவனை எதிர்கொண்டு இரண்டடி முன்னே போக வேண்டும். குவார்ட்டர்பேக் மடியிலேயே நின்று வாங்கினால், தடுத்தாலும் பாக்கெட் (குவார்ட்டர்பேக்கைச் சுற்றிய பாதுகாப்பு வளையம்) நசுங்கிவிடும். கை நெஞ்சுக்குள் போக வேண்டும். தோளை மட்டும் வீசி தலையைக் குனிந்தால், கொஞ்சம் விவரமான லைன்பேக்கர் அந்தக் கையைத் தட்டிவிட்டு நேரே போய்விடுவான். இவரிடம் எது பிழை என்று பாருங்கள். காலும் கையும் சரி, ஆளைத் தேர்வதுதான் தவறு என்றால் ஒரு முகாமில் திருத்தலாம். மோதலுக்கே தயங்குகிறார் என்றால் கஷ்டம்.

ஃபம்பிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 247 தொடுதலில் 4, ஏறக்குறைய 62-க்கு ஒன்று. நூறுக்கு ஒன்று என்றால் யாரும் பேச மாட்டார்கள். அந்த நான்கிலும் பந்து எந்தக் கையில் இருந்தது, முழங்கை உடம்பை விட்டு விலகியிருந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும்.

நாலாவது டவுன்:
இன்னும் ஒரு வருடம் கல்லூரியில் ஆட வாய்ப்பிருக்கிறது. அது உதவுமா?

ஹாஷ் கோடு:
ரன்னிங் பேக்குக்கு அது ஆபத்து. ஸ்டான்ஃபோர்டின் பிரைஸ் லவ் 2017-இல் 2,118 யார்டு, ஹைஸ்மன் (சிறந்த கல்லூரி வீரர் விருது) வாக்கில் இரண்டாவது. திரும்பி வந்து ஆடினார், 2018 கடைசியில் முழங்கால் தசைநார் (ஏசிஎல்) கிழிந்தது, அடுத்த டிராஃப்டில் நான்காம் சுற்று. என்எஃப்எல் சீசன் ஆட்டம் ஒன்றுகூட ஆடலை.

ஏ கேப்:
அணிகள் ரன்னிங் பேக்குக்குச் செலவழிப்பதும் வருடத்துக்கு வருடம் மாறும். 2024-இல் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் போகவில்லை, முதல் பெயர் 46-ஆவதாகத்தான் வந்தது. 2025-இல் ஆஷ்டன் ஜென்டி ஆறாவதாகப் போனார். அவரும் எஸ்இசி, பிக் டென் ஆள் இல்லை, பாய்சி ஸ்டேட். ஆகவே கான்ஃபரன்ஸைச் சொல்லி உங்கள் ஆளை இறக்காதீர்கள்.

இப்போதைக்கு நான்காம் சுற்றின் பின்பாதியில் வைப்பேன். கிக் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடுவது) ஆடியிருந்தால் அரைச் சுற்று ஏற்றுவேன். 2024-இல் கிக்ஆஃப் விதி மாறிய பிறகு அதற்கு மதிப்பு கூடிவிட்டது. சீனியர் பவுல் (டிராஃப்டுக்கு முன் கல்லூரி வீரர்களுக்கு நடக்கும் காட்சி ஆட்டம்) அழைப்பு வந்தால் ஆட்டத்தைவிட பயிற்சி நாட்களைப் பாருங்கள். அங்கே ரன்னிங் பேக்கும் லைன்பேக்கரும் ஒருவருக்கு ஒருவர் மோதும் பாஸ் தடுப்புப் பயிற்சி உண்டு. அதில் நன்றாக நின்றால் மூன்றாம் சுற்றுக்கு நகர்த்துங்கள். இரண்டாம் சுற்றுக்கு வேண்டாம்.