சென்னையில் போட்டோ வாக், கண்காட்சி எல்லாம் நடக்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

பழைய கிட்லென்ஸ்:

வணக்கம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், வேலைக்காகப் பெருங்குடி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆபீஸில் ஒருவர் மிரர்லெஸ் வகைக் கேமராவுக்கு மாறினார், அவர் கழித்துவிட்ட கேனானையும் 18-55 லென்ஸையும் பதினான்காயிரம் கொடுத்து வாங்கிவிட்டேன். இதுவரை எடுத்தது மொட்டை மாடிக் காக்கா, பள்ளிக்கரணையில் புள்ளியாகத் தெரிகிற ஒரு நாரை, தூங்குகிற ரூம்மேட். அவ்வளவுதான்.

என் பிரச்சினை, இந்த ஊரில் நடக்கிற எதுவும் முடிந்த பிறகுதான் காதுக்கு வருகிறது. சென்னை போட்டோ பினாலே என்கிற புகைப்படக் கண்காட்சித் திருவிழாவின் நான்காவது பதிப்பு 2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச் வரை நடந்திருக்கிறது, எனக்குத் தெரிந்தது ஏப்ரலில். மூன்று மாதம் நடந்ததையே கோட்டைவிட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சேர்ந்து நடந்துகொண்டே படம் எடுக்கிற போட்டோ வாக்கையெல்லாம் எங்கே பிடிப்பது? எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். அப்புறம் ஒன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்களா? காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தனியாகப் போகலாமா, குழுவோடுதான் போக வேண்டுமா?

மாடவீதி:

தம்பி, அறிவிப்பைத் தேடாதே, பஞ்சாங்கத்தைப் பார். கிண்டலுக்குச் சொல்லவில்லை. இங்கே போட்டோ எடுக்கிறவர்கள் கூடுகிற நாட்களில் பாதி திருவிழாவை வைத்தும் கடலை வைத்தும்தான் அமைகின்றன, அதை யாரும் போஸ்டர் அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

ஜனவரியில் மயிலாப்பூர் விழா வரும், வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும், தரையில் உட்கார்ந்து எடு. பங்குனியில் கபாலி கோயில் உற்சவம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். கோயிலுக்குள் கேமராவைக் கொண்டுபோகலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம், சாமியே வீதிக்கு வந்துவிடுகிறாரே. அன்றைக்குப் பெரிய லென்ஸ் கொண்டுவருகிறவர்கள்தான் திண்டாடுவார்கள், கூட்டத்தில் பின்னால் நகர ஓர் அடி இடம் கிடைக்காது. கிட்டே நின்றே அகலமாக எடுக்கிற உன் 18 எம்எம் அங்கே ராஜா. மதியம் மூன்று மணிக்குள் போய்விடு, குளத்துப் பக்கமாக நின்றுகொள். எல்லாரும் பல்லக்கை எடுப்பார்கள். நான் பத்து வருடமாக எடுத்ததில் தேறியது நீர்மோர்ப் பந்தல் படம் ஒன்றுதான். ஒரு பாட்டி டம்ளரை அண்ணாந்து குடிக்கிறார், பின்னால் நாயன்மார் ஒருவர் தோளில் ஏறிப் போகிறார்.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினம், 22 மெட்ராஸ் டே, இரண்டும் ஒரே வாரத்தில் விழுவதால் அந்த மாதம் முழுக்க எங்காவது யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள். விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் புரசைவாக்கம் பக்கம் கொசப்பேட்டை போ, களிமண் பிள்ளையார் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். அது முடிந்து நவராத்திரிக்குள் கொலு பொம்மை. பொம்மைக்குக் கண் எழுதும்போது மட்டும் குறுக்கே போகாதே, கை அசைந்தால் எழுதுகிறவருக்கு ஒரு பொம்மை நஷ்டம்.

பினாலே 2016இல் தொடங்கியது, 2019, 2021, 2024 என்று சமமில்லாத இடைவெளியில் வந்திருக்கிறது. அதனால் அதை மட்டும் அவர்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்துதான் பிடிக்க முடியும். 2019இல் சேப்பாக்கம் செனட் ஹவுஸுக்குள் படங்களை வைத்திருந்தார்கள், நான் படத்தைப் பார்த்ததைவிடக் கூரையைப் பார்த்ததுதான் அதிகம்.

வஞ்சிரம் பாதிவிலை:

காசிமேடு பற்றி நான் சொல்கிறேன், ராயபுரத்தில் வளர்ந்தவள்.

தனியாகப் போங்கள். முதல் தடவையே குழுவோடு போகாதீர்கள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மீன் வாங்கப் போயிருந்தேன், ஒரு குழு வந்திறங்கியது, இருபது பேர் இருக்கும். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டு, ஒருத்தர் படுத்துக்கொண்டும் ஒருத்தர் கூடை மேல் ஏறிக்கொண்டும், "ஐயா கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று. அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்ற வைத்துக்கொண்டார். அதையும் எடுத்தார்கள். அவருக்குக் கூலி போய்க்கொண்டிருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இது எந்தக் குழு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன், கேமராவைத் தூக்கினால் எல்லாருக்கும் அப்படி ஆகிவிடுகிறது.

நானும் போட்டோ எடுக்கிறவள்தான், யோக்கியம் பேசவில்லை. முதல் நாள் ஓர் அக்கா என்னைக் கேட்டார், "இன்னாம்மா, மீனு வாங்க வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா?" அரைக் கிலோ சங்கரா வாங்கினேன், அப்புறம் பேசினோம், கேமராவை எடுத்தது மூன்றாவது வாரம். ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டு அவரிடமே கொடுத்தேன். அதிலிருந்து அவர்தான் "இங்க நில்லு, இங்கதான் வெளிச்சம் வரும்" என்று எனக்கு இடம் காட்டுகிறார்.

இனி வேலைக்கு ஆகிற விஷயம். இருட்டிலேயே ஏலம் தொடங்கிவிடும், நாலரைக்காவது அங்கே இருங்கள், சூரியன் வந்த பிறகு போனால் வியாபாரக் கூட்டம்தான் கிடைக்கும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, அது தெரியாமல் மே மாதம் வந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த இரண்டு மாதம்தான் பிடிக்கும். படகுக்கு வர்ணம் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், யாருக்கும் அவசரம் இருக்காது, கூப்பிட்டுப் பேசுவார்கள்.

முக்கியமாக, ஏசி ரூமில் ராத்திரி முழுக்கக் கிடந்த கேமராவை அந்த ஈரக் காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிடும், துடைக்கத் துடைக்க வரும், வெளிச்சம் நல்லாயிருக்கிற அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். முந்தின ராத்திரியே பையை ஏசி இல்லாத ஹாலில் வைத்துவிடுங்கள். தரை முழுக்கச் செதிலும் தண்ணீரும், வழுக்கும். வெள்ளை ஷூ வேண்டாம்.

முப்பத்தாறு ரோல்:

வஞ்சிரம் சொன்ன கதை உண்மை, ஆனால் அதற்காகக் குழுவே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனியாகப் போனால் தனியாகத்தான் தப்புப் பண்ணிக்கொண்டிருப்போம். எனக்கு ஷட்டர் ஸ்பீடு புரிந்தது புத்தகத்தில் இல்லை, சிந்தாதிரிப்பேட்டையில் முன்பின் தெரியாத ஒருத்தர் தன் கேமராவை என் கையில் கொடுத்து "திருகிப் பார்" என்றதில்தான். சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் என்கிற குழு, எல்லாரும் பிளிக்கர் தளத்தில் படம் போட்ட காலத்திலிருந்து வார இறுதியில் நடக்கிறார்கள், புதுசாக வருகிறவர்களை யாரும் கேமராவை வைத்து எடை போட்டு நான் பார்த்ததில்லை. இருபது பேர் சேர்ந்து போனாலும் ஐந்து ஐந்தாகப் பிரிந்துவிட்டு, கடைசியில் ஒரு டீக்கடையில் சேர்ந்தால் போதும், ஐஸ்காரரும் நிம்மதியாக வேலை பார்ப்பார். வாக்கில் உருப்படியான பாதி டீக்கடையில்தான் நடக்கும்.

இந்தச் சங்கம் சேர்கிற பழக்கம் நம் ஊருக்குப் புதுசும் இல்லை. எழும்பூர் ஓவியக் கல்லூரி இருக்கிறதே, அதை 1850இல் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர்தான் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே இங்கே போட்டோகிராபிக் சொசைட்டியும் அமைத்தார். அதே காலத்தில் மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 பிரிண்ட்டாக எடுத்து ஒட்டினார், நீளம் கிட்டத்தட்ட 19 அடி. நாம் போனில் பனோரமா எடுக்கும்போது கை ஆடிவிட்டது என்று புலம்புகிறோம். (கை ஆடுவது என்றதும் டிரைபாட், அதாவது கேமராவை நிறுத்துகிற முக்காலி, ஞாபகம் வருகிறது: மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை இடங்களில் டிக்கெட் எடுத்துப் படம் எடுக்கலாம், டிரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும். வாசலில் சண்டை போடாதே.)

தம்பிக்கு நான் சொல்ல வேண்டியது போட்டிகள் பற்றி. நாலு வாக் போனதும் உன் வாட்ஸாப்பில் "புகைப்படப் போட்டி" என்று வர ஆரம்பிக்கும். விதிகளில் கடைசிப் பத்தியை முதலில் படி. "அனுப்பும் படங்கள் அனைத்தின் உரிமையும் அமைப்பாளருக்கே" என்று இருந்தால் அனுப்பாதே. பரிசு மூன்று பேருக்கு, படம் முந்நூறு பேருடையது, எல்லாம் அவர்களுக்கு. நான் ஐந்நூறு ரூபாய் கட்டணமும் கட்டி அனுப்பினேன், பரிசு இல்லை, அடுத்த வருடம் மேசைக் காலண்டரில் ஜூலை மாதத்துக்கு என் படம் தொங்குகிறது. பேர் இல்லை. போன் பண்ணினால் விதிமுறையைப் படிக்கவில்லையா சார் என்றார்கள். காலண்டர் ஒன்றாவது அனுப்புங்கள் என்றேன், தீர்ந்துவிட்டதாம்.

பழைய கிட்லென்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

காசிமேடு தனியாகப் போனேன். கேமராவை ஹாலில் வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன், ரூம்மேட் அக்கறையாக எடுத்து ஏசி ரூமுக்குள் வைத்துவிட்டான். அதனால் முதல் நாற்பது படமும் மார்கழி மாதிரி இருக்கின்றன. அதில் ஒன்று, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஏலக்காரர் கையை உயர்த்தியிருப்பது, அந்தப் பனியால்தான் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் எனக்கு என்ன தெரியும்.

வஞ்சிரம் அக்கா, நீங்கள் சொன்னபடி முதலில் மீன் வாங்கினேன். பிரச்சினை, எனக்குச் சமைக்கத் தெரியாது, ரூமில் பிரிட்ஜும் இல்லை, ஒரு கிலோ சங்கராவோடு அங்கிருந்து பெருங்குடி வரை பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட் கடைசி வரை காலியாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு கொசப்பேட்டைக்கு ஒரு குழுவோடு போகிறேன், எட்டுப் பேர்தான். இன்னொரு உதவி: லென்ஸ் மூடி அங்கேயே எங்கோ கூடைக்குள் விழுந்துவிட்டது. 58 எம்எம். தனியாகக் கிடைக்குமா, எங்கே?

வஞ்சிரம் பாதிவிலை:

58 மூடி எந்தக் கேமராக் கடையிலும் கிடைக்கும், கயிறு வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்த தடவை சங்கரா வாங்கினால் அங்கேயே சுத்தம் பண்ணி வெட்டித் தரச் சொல்லுங்கள், தனியாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஏலக்காரர் படத்தை இங்கே போடுங்கள், எனக்குத் தெரிந்தவரா என்று பார்க்கிறேன், பிரிண்ட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.