என்ஷ்யூரா, அஷ்யூரா? அலுவல் கடிதத்தில் வினைச்சொல் தேர்வு

கேள்வி

வணக்கம். வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் பணிகளுள் ஒன்று. ‘என்ஷ்யூர்’, ‘அஷ்யூர்’ ஆகிய இரண்டையும், அவ்வாறே ‘அக்னாலெட்ஜ்’, ‘கன்ஃபர்ம்’ ஆகிய இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எழுதலாமா? அகராதியைப் புரட்டினால் பொருள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றனவே தவிர, எது எங்கே பொருந்தும் என்பது விளங்கவில்லை.

மறுமொழி 1

முதல் இணைக்கு இலக்கணமே விடை சொல்லிவிடும். ‘அஷ்யூர்’ என்பதை அடுத்துப் பெரும்பாலும் ஓர் ஆள் வர வேண்டும்: ‘வீ அஷ்யூர் யூ’. ‘என்ஷ்யூர்’ என்பதை அடுத்து வருவது நடந்தேற வேண்டிய காரியம்: ‘வீ வில் என்ஷ்யூர் டெலிவரி பை ஃப்ரைடே’. முன்னது எதிரிலிருப்பவரின் ஐயத்தைப் போக்குகிறது. பின்னது காரியம் நடப்பதற்கே பொறுப்பேற்கிறது. ஆகவேதான் ஒப்பந்த வரைவைப் பார்வையிடும் வழக்கறிஞர்கள் பலர், தம் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றைப் பற்றி ‘என்ஷ்யூர்’ என்று எழுதப்பட்டிருந்தால், அதை அடித்துவிட்டு, இயன்றவரை முயல்வதாக மாற்றச் சொல்வார்கள். ‘இன்ஷ்யூர்’ என்பதைக் காப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1787-இல் இயற்றப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகவுரை உள்நாட்டு அமைதியை ‘இன்ஷ்யூர்’ செய்வதாகத்தான் சொல்கிறது என்றாலும், அந்தச் சலுகையை இன்றைய கடிதத்தில் நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மறுமொழி 2

எனக்கு இரண்டாவது இணைதான் ஆபத்தானதாகத் தோன்றுகிறது. ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் வந்து சேர்ந்ததும், விலையையும் இருப்பையும் சரிபார்க்கும் முன்பே ‘வீ கன்ஃபர்ம் யுவர் ஆர்டர்’ என்று பதில் அனுப்பினால், ஆர்டரை ஏற்றுக்கொண்டுவிட்டதாகவே எதிர்த்தரப்பு கொள்ளும். ‘வீ அக்னாலெட்ஜ் ரிசீட் ஆஃப் யுவர் ஆர்டர்’ என்றாலோ ஆவணம் கைக்கு வந்தது என்பதற்கு மேல் எதையும் ஒப்புக்கொண்டதாகாது. இதிலும் ஒரு கண்ணி உண்டு: ‘அக்னாலெட்ஜ்’ என்பதை அடுத்து ‘ரிசீட்’ வராமல் ‘தட்’ வந்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். ‘வீ அக்னாலெட்ஜ் தட் த கூட்ஸ் வேர் டேமேஜ்ட்’ என்பது சரக்கு சேதமடைந்தது உண்மை என்னும் ஒப்புதல் வாக்குமூலமே. புகார்க் கடிதத்துக்கு முதல் பதில் எழுதும்போது ‘வீ ஹேவ் ரிசீவ்ட் யுவர் கம்ப்ளெய்ன்ட்’ என்று நிறுத்திக்கொள்வதே நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ‘ரிவர்ட்’, ‘ஷல்’ ஆகியவற்றையும் தவிர்க்கச் சொல்கிறார்களே, அது சரியா?

மறுமொழி 3

‘ரிவர்ட்’ என்பதைத் தவிர்ப்பது சரியே. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் அலுவலகங்களில் அது பதிலளிப்பதைக் குறிக்கும். பிறருக்கோ முந்தைய நிலைக்குத் திரும்புவதையே குறிக்கும். விலை பற்றிய கடிதத்தில் ‘வீ வில் ரிவர்ட்’ என்று கண்டால், பழைய விலைக்கே போகிறார்களோ என்று ஒருவர் குழம்பினால் அவரைக் குறைசொல்ல முடியாது. ‘ரிப்ளை’ போதும்.

‘ஷல்’ ஆவணத்தைப் பொறுத்தது. ஐஎஸ்ஓ தரநிலைகளில் அது கட்டாயத்தையும், ‘ஷுட்’ பரிந்துரையையும், ‘மே’ அனுமதியையும் குறிக்கும். இணைய நெறிமுறைகளுக்காக 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்னும் ஆவணமும் ‘மஸ்ட்’, ‘ஷல்’ இரண்டுக்கும் ஒரே வலிமையைத்தான் தந்திருக்கிறது. மாறாக, அமெரிக்க அரசின் எளிய நடை வழிகாட்டி, கடமையைச் சொல்ல ‘மஸ்ட்’ என்றே எழுதச் சொல்கிறது. தரநிலையோ ஒப்பந்தமோ அல்லாத சாதாரணக் கடிதத்தில் வாடிக்கையாளரின் கடமைக்கு ‘மஸ்ட்’, உங்கள் வாக்குறுதிக்கு ‘வில்’ என்று எழுதுங்கள்.