பயோடெக்னாலஜியோடு பிசினஸும் சேர்த்துப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் எங்கள் ஊர். இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறேன், பயாலஜி குரூப்.

அப்பா பெங்களூரா மாங்காய் போடுகிறார். காய்ப்பு அதிகமான வருடம் கூழ் ஃபேக்டரிக்காரர்கள் சொல்வதுதான் விலை. போன வருடம் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை, பாதி மரத்திலேயே விட்டுவிட்டோம். அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. கூழ் எடுத்தபின் ஒதுக்கும் கொட்டையிலிருந்து கொழுப்பு எடுக்கலாம், தோலிலிருந்து ஜாமைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பெக்டின் எடுக்கலாம் என்று படித்ததிலிருந்து இதே நினைப்புதான். ஆனால் லேபில் எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாதே. கடன் வாங்க, கணக்குப் பார்க்க, விற்கவும் தெரிய வேண்டும்.

கோவை வேளாண் பல்கலையில் பி.டெக் பயோடெக்னாலஜி இருக்கிறது, அக்ரி பிசினஸ் தனிப் படிப்பாக இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாம் என்று யுஜிசி 2022இல் அனுமதித்தது. அதனால் பி.டெக்கோடு தபால் வழியில் பிபிஏ சேரலாமா என்று யோசிக்கிறேன். லேப், ரெக்கார்டு வேலைக்கு நடுவே அதற்கு நேரம் கிடைக்குமா? இல்லை, பி.டெக் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் எம்பிஏ போவதுதான் சரியா?

கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து இப்படிப் படித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து கேட்கவும் தயார்.