1.6 விட்டாராவுக்குச் சின்னப் பயண ட்ரெயிலர்: எது சரி?

ஒழுங்கைவாசி:
வணக்கம். வீட்டில் இருப்பது 2016 சுசுகி விட்டாரா, 1.6 பெற்றோல், 6 கியர் ஓட்டோ. நாங்கள் இரண்டு பேர், ஒன்பது வயது மகள். கற்பிட்டி, திருகோணமலைப் பக்கம் அடிக்கடி, வருடத்தில் ஒருதரம் நுவரெலியா போக எண்ணம். கையில் இரண்டு தெரிவு.

ஒன்று, கொழும்பிலேயே செய்து தரும் டியர்ட்ரொப், அதாவது உள்ளே படுக்க மட்டும் இடமுள்ள தாழ்ந்த கண்ணீர்த்துளி வடிவ ட்ரெயிலர். பிளைவுட் உடம்பு, மேலே அலுமினியத் தகடு, வெறும் எடை 340 கிலோ என்கிறார்கள். பிரேக் இல்லை. மற்றது, பாவித்த ஐரோப்பியக் கேரவன். ஒற்றை அச்சு, வெறும் எடை 650, ஓவர்ரன் பிரேக் (ட்ரெயிலர் காரைத் தள்ளும்போது தானாகப் பிடிப்பது) உண்டு, உள்ளே நிமிர்ந்து நிற்கலாம்.

நிறுத்துமிடம் தெஹிவளையில் ஒடுங்கின ஒழுங்கைக்குள்ளே. காரிலிருந்து கழற்றிக் கையால் தள்ளித்தான் உள்ளே விடவேண்டும். எதை எடுக்கலாம்?

டோபோல்50:
முதலில் காரின் கைநூலில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு எவ்வளவு, பிரேக் இல்லாததற்கு எவ்வளவு. ஆஸ்திரேலியாவில் விற்ற 1.6 விட்டாராவுக்குப் பிரேக் உள்ளதற்கு 1200 கிலோ, இல்லாததற்கு 400. இந்த 400 என்பது சாமான் ஏற்றிய பிறகு உள்ள எடை. பலர் வெறும் எடையைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

உங்கள் 340ஐ எடுங்கள். மெத்தை 15, தண்ணீர் 40 லீற்றர் என்றால் 40 கிலோ, 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பற்றறி ஏறக்குறைய 28, உதிரிச் சில்லு 12, நிரம்பிய 5 கிலோ காஸ் சிலிண்டர் இரும்போடு பத்துக்கு மேல். சட்டி பானை, குளிர்ப்பெட்டி, கதிரை இன்னும் கணக்கில் வரவில்லை, அதற்குள் 445. பற்றறியை லித்தியம் அயன் பொஸ்பேற்றாக மாற்றினால் 15 கிலோ மிச்சம். தண்ணீரைப் போன இடத்தில் நிரப்பினால் 40 மிச்சம். அப்படியும் 400க்குள் நிற்பது கயிற்றில் நடக்கிற வேலை. எனவே பிரேக் இல்லாத டியர்ட்ரொப் வேண்டாம்.

செய்பவரிடம் என்ன பிளைவுட் என்று கேளுங்கள். எட்டுக்கு நாலடிப் பலகை 18 மி.மீ என்றால் ஏறக்குறைய 32 கிலோ, 9 மி.மீ என்றால் 16. தரை, கட்டில், அலுமாரி எல்லாவற்றையும் 18இல் அடித்துவிட்டு 340 என்று சொன்னால் நம்பாதீர்கள். சுவருக்கு 3 மி.மீ பிளைவுட் இரண்டுக்கு நடுவே 25 மி.மீ போம் ஒட்டினால் எடையும் குறையும், வெயிலும் உள்ளே இறங்காது.

மலைவீதி:
ஐரோப்பியக் கேரவனைப் பற்றி. 650 வெறும் எடை, சாமானோடு 800 தாண்டும். காகிதத்தில் 1200க்குள்தான். ஆனால் ஆளும் பொதியும் ஏற்றிய விட்டாராவே 1450 கிலோ அளவுதான், அதன் பாதிக்கு மேல் பின்னால் வரும். அதைவிடப் பெரிய பிரச்சினை முகப்பு. நிமிர்ந்து நிற்கும் கேரவன் காற்றுக்கு ஒரு சுவர். 80க்கு மேலே பெற்றோல் ஓடுவது எடைக்காக அல்ல, அந்தச் சுவருக்காக. டியர்ட்ரொப் காரின் நிழலுக்குள்ளேயே வரும்.

ஏற்றக் கணக்கு: நூற்றுக்கு எட்டு ஏற்றத்தில் 40 கி.மீ வேகத்தில் 1450 கிலோ காரை மட்டும் தூக்க ஏறக்குறைய 13 கிலோவாட். பின்னால் ஏற்றிய டியர்ட்ரொப் 550 கிலோ என்று சேர்த்தால் 17 அல்லது 18. 1.6 எஞ்சினுக்கு அது சுமையல்ல, கியரைக் கையால் இரண்டில் அல்லது மூன்றில் பிடித்து 3000 சுற்றுக்கு மேல் வைத்தால் போதும். மேல் கியரில் முக்கவிடாதீர்கள், கியர்பொக்ஸ் எண்ணெய் அதில்தான் சூடாகும்.

கவனிக்கவேண்டியது இறக்கம். கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது ட்ரெயிலர் காரைத் தள்ளிக்கொண்டே வரும். ஓவர்ரன் பிரேக்குக்கு அந்தத் தள்ளுதான் சமிக்ஞை. ஆகவே நீங்கள் மிதிக்காவிட்டாலும் ட்ரெயிலரின் ட்ரம் இறக்கம் முழுக்க உரசிக்கொண்டிருக்கும். கருகிய மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, ட்ரம்மில் வெடிப்பு விழும்.

கேரவனையே எடுப்பதானால் இரண்டு பார்வை. கதவு எந்தப் பக்கம்? ஐரோப்பியக் கண்டத்துக்குச் செய்ததென்றால் வலப்பக்கம் திறக்கும். நம் வீதியில் அது வாகனங்கள் ஓடும் பக்கம், பிள்ளை அதால் இறங்கக் கூடாது. பிரித்தானியாவுக்குச் செய்தது இடப்பக்கம். அடுத்தது ஈரம். யன்னலுக்குக் கீழும் கூரை மூலைகளிலும் பெருவிரலால் அழுத்துங்கள். சுவர் அமுங்கினால் உள்ளே மரச்சட்டம் உக்கிவிட்டது. ஈரமானி 20 வீதத்துக்கு மேல் காட்டினாலும் விட்டுவிடுங்கள். கொழும்பு ஈரப்பதனில் அது தானாகக் காயாது.

கிறீஸ்துணி:
தம்பி, எதை எடுத்தாலும் பிடி சரியில்லாட்டி எல்லாம் வீண். டோ பாரை (ட்ரெயிலரைக் கொளுவுற பின்சட்டம்) காரின் செசியில், அதாவது அடிச்சட்டத்தில், கம்பனி விட்ட துளைகளிலே பூட்டச் சொல்லுங்கோ. பம்பர் தகட்டிலேயோ, உதிரிச் சில்லுக் குழித் தகட்டிலேயோ வெல்ட் அடிச்சால் மெல்ல மெல்லக் கிழியும். டோ பாரில் இருக்கிற இரும்புக் குண்டுதான் போல், அதைக் கவ்வுற ட்ரெயிலர் மூக்குத்தான் கப்ளர். போல் அளவைப் பாருங்கோ: ஐரோப்பிய, ஆஸ்திரேலியக் கப்ளர் 50 மி.மீ, அமெரிக்க இரண்டு அங்குலம் 50.8. பார்வைக்கு ஒண்டுதான். ஆனால் இரண்டு அங்குலக் கப்ளரை 50 போலில் போட்டால் ஆடும், பள்ளத்தில் விழேக்க கழரும்.

போலில் இறங்கிற பாரம் மொத்த எடையில் 7 முதல் 10 வீதம் இருக்கோணும். 500 கிலோ ட்ரெயிலர் எண்டால் 35 முதல் 50. குளியலறைத் தராசில் ஒரு மரக்குற்றியை நிறுத்தி, கப்ளர் போலின் உயரத்திலேயே நிக்கிறமாதிரி அதன்மேல் இறக்கிப் பாருங்கோ. குறைஞ்சால் வால் ஆடத் தொடங்கும், அதுவும் லொறி ஒண்டு முந்தேக்க. ஆடினால் பிரேக்கை அடிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சு அக்சிலேற்றரை விடுங்கோ. பிறகு நிறுத்தி, பாரமான சாமானை அச்சுக்குக் கிட்டவும் கொஞ்சம் முன்னுக்கும் மாத்துங்கோ. தண்ணீர்த் தாங்கி அச்சுக்குப் பின்னால இருந்தால் நிரப்பினவுடனே இந்தக் கணக்கு கெடும்.

பெயாரிங்கை வருசத்துக்கு ஒருக்கா கழற்றிக் கிறீஸ் மாத்தோணும். முதல் 20 கி.மீ ஓடி நிறுத்திச் சில்லின் நடு ஹப்பிலே கை வையுங்கோ. இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்கேலாட்டி நட்டை அதிகம் இறுக்கியிருக்கு. சில்லு நட்டையும் 80 கி.மீக்குள்ளே திருப்பி இறுக்குங்கோ. சிக்னல் போட்டால் பிரேக் லயிட்டும் சேர்ந்து மின்னினால் பல்பை மாத்தாதேங்கோ, பிளக்கின் எர்த் வயர் விட்டிருக்கும். கடற்கரைப் போக்குவரத்துக்குச் செசி முழுக்கக் கல்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்திருக்கோணும், மேலாலே பெயின்ற் அடிச்சால் போதாது.

ஒழுங்கைவாசி:
நன்றி அண்ணாமார். அப்படியானால் டியர்ட்ரொப்பையே பிரேக் அச்சோடு செய்விக்கலாமா? மகளுக்கு எங்கே இடம்?

டோபோல்50:
செய்விக்கலாம், அதுதான் உங்கள் காருக்குப் பொருத்தம். ஆனால் ஓவர்ரன் கப்ளரில் அடித்திருக்கும் எடை வீச்சைப் பாருங்கள். ஆகக் குறைந்ததும் ஆகக் கூடியதும் இருக்கும், உங்கள் ஏற்றிய எடை இரண்டுக்கும் நடுவே வரவேண்டும். 1000 கிலோவுக்கு மேற்பட்டதற்கான கப்ளரை 500 கிலோவுக்குப் பூட்டினால் தள்ளை வாங்கும் அதன் டாம்பர் அமுங்காது, பிரேக் பிடிக்காது. பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று கிடைத்ததை வாங்கிப் பூட்டுவதில் நடக்கும் தவறு இதுதான். கப்ளர் கழன்றால் பிரேக்கைத் தானாக இழுக்கும் பிறேக்அவே கம்பியும், கைப்பிரேக்கும் கட்டாயம். ஒழுங்கையில் தள்ளும்போது கைப்பிரேக் இல்லாமல் நிறுத்தமாட்டீர்கள். ட்ரெயிலரின் மூக்கைத் தாங்கும் முன்சில்லு 200 மி.மீ விட்டமுள்ள, காற்றடைத்ததாக இருந்தால் கல்லிலும் உருளும்.

மகளுக்குப் பக்கவாட்டில் கொளுவும் கூடாரம் 8 முதல் 12 கிலோ. உள்ளே கால்மாட்டில் குறுக்குத் தட்டு அடிப்பதைவிட அது நல்லது, பிள்ளை இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடும்.

மலைவீதி:
இன்னொன்று. ட்ரெயிலருக்கும் தனிப் பதிவு, தனி இலக்கத் தகடு வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் படத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் அனுமதி கேளுங்கள், செய்து முடித்த பிறகு திருத்தச் சொன்னால் செலவு இரட்டிப்பு. உங்கள் சாரதி உரிமத்தின் வகைக்கு ட்ரெயிலர் எடையில் எல்லை உண்டு, அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

கிறீஸ்துணி:
லொறி எடைப்பாலத்தில் நிறுக்கேக்க அது 10 அல்லது 20 கிலோப் படியில்தான் காட்டும். அதனால் காரோடு ஒருக்கா, கார் தனியா ஒருக்கா, கழற்றின ட்ரெயிலர் தனியா ஒருக்கா எண்டு மூன்றுதரம் நிறுத்துச் சீட்டு எடுங்கோ. கடைசிக் காசை அந்தச் சீட்டு கைக்கு வந்தபிறகு குடுங்கோ.