மொட்டை மாடியில் நிரந்தரமாக நிற்கும் வெப்பமானிப் பெட்டிக்கு எந்தப் பிளாஸ்டிக் பொருந்தும்?

வைகைக்கரை எழுதியது:
மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை நிரந்தரமாகப் பொருத்த எண்ணியுள்ளேன். காற்று புகும் அடுக்குத் தட்டுகள் கொண்ட அதன் பெட்டியை முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்து, மேலே ஒளிபுகும் மூடி வைத்து, அதற்குள் சிறிய சூரிய மின்தகட்டையும் அடக்கிவிடலாம் என்பது திட்டம். அச்சடித்துத் தரும் நண்பர் பிஎல்ஏ (PLA) என்னும் பிளாஸ்டிக்கே போதும் என்கிறார். வேறொருவர் ஏபிஎஸ் (ABS) என்னும் பிளாஸ்டிக்கே உறுதியானது என்கிறார். கறுப்பு நிறம்தான் வெயிலைத் தாங்கும் என்றும் கேள்விப்பட்டேன், ஆனால் கறுப்புப் பெட்டிக்குள் வெப்பநிலையைச் சரியாக அளக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அச்சுப்பட்டறை எழுதியது:
பிஎல்ஏ வேண்டாம். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசிலேயே அது இளகத் தொடங்கும் என்பதால், சித்திரை வெயிலில் சூடேறும் தளத்தின் மேல், புறஊதாக் கதிர் தன் வேலையைக் காட்டுவதற்கு முன்பே தட்டுகள் தொய்ந்துவிடும். பெட்ஜி (PETG) என்னும் பிளாஸ்டிக் 80 டிகிரி வரை நிற்கும். வெள்ளை நிறத்தில் அச்சடித்தால் சமாளிக்கலாம். ஏபிஎஸ் 100 டிகிரியைத் தாண்டினாலும், அதற்கு உடையாத தன்மையைத் தருகிற பியூட்டாடையீன் ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால், புறஊதாக் கதிரும் ஆக்சிஜனும் முதலில் அந்த இடத்தைத்தான் தாக்கும். பெட்டி மஞ்சளாகி, மேற்பரப்பில் நுண்விரிசல் விழுந்து, ஒரு தட்டுத் தட்டினால் உடைகிற நிலைக்கு வந்துவிடும்.

உங்களுக்கு ஏற்றது ஏஎஸ்ஏ (ASA). ஏபிஎஸ்ஸின் வெப்பத் தாங்குதிறன் ஏறக்குறைய அப்படியே இருக்க, பியூட்டாடையீனுக்குப் பதிலாக அக்ரிலேட் ரப்பர் சேர்த்த பொருள் அது. வாகனங்களின் வெளிப்பாகங்களுக்கும் பயன்படுகிறது. அச்சடிக்கும்போது ஓரங்கள் சுருண்டு எழும் என்பதால் மூடிய அறையுள்ள அச்சுப்பொறி தேவை. ஸ்டைரீன் ஆவி வெளிவரும், ஆகவே காற்றோட்டமும் வேண்டும்.

குழாய்வணிகர் எழுதியது:
நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கறுப்பு தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பெருமை நிறத்துக்கு உரியதன்று, நுண்ணிய கரித்தூளுக்கு உரியது. குடிநீருக்கான கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) குழாய்களில் எடையில் சுமார் 2.5 விழுக்காடு கரித்தூள் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 4984 விதிக்கிறது; அது கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கி, உள்ளே செல்லவிடாமல் தடுக்கிறது. வெப்பமானிக்கு அது உதவாது. டைட்டானியம் டையாக்சைடு கலந்த வெள்ளைப் பொருளும் கதிரை மறைக்கும், சூடும் குறைவாக ஏறும்.

பெட்டியைக் கட்டும் நைலான் பட்டையில் மட்டும் கறுப்பையே வாங்குங்கள், அதுவும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்று குறிப்பிட்டதை. வெள்ளைப் பட்டையை நம்பி உயரத்தில் எதையும் கட்ட வேண்டாம்.

ஒளிமானி எழுதியது:
ஒளிபுகும் மூடியைத்தான் நான் முதலில் கேள்வி கேட்பேன். மின்தகடு வெயிலில் நன்றாகச் சூடாகும். அதை வெப்பமானியோடு ஒரே பெட்டிக்குள் அடைத்தால், நீங்கள் மதுரையின் வெப்பத்தை அல்ல, பெட்டியின் வெப்பத்தையே அளப்பீர்கள். தகட்டைத் தனியே, சற்றுத் தள்ளிப் பொருத்துங்கள். மேலே எபாக்சி ஊற்றிய மலிவான தகடுகள் வெயிலில் மஞ்சளாகி மங்கும் என்பதால், கண்ணாடி முகப்புள்ளதைத் தேடி வாங்கினால் மூடியே தேவைப்படாது.

மூடி வேண்டும் என்றே நினைத்தால், வெயிலைத் தாங்குவதில் அக்ரிலிக் சிறந்தது, ஆனால் கல் பட்டால் உடையும். பாலிகார்பனேட் உடையாது, எனினும் புறஊதாக் காப்புப் படலம் இல்லாத தகடு மஞ்சளாகும். பல பாலிகார்பனேட் தகடுகளில் அந்தப் படலம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும்; எந்தப் பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும் என்று ஒட்டுத்தாளில் அச்சிட்டிருப்பதைப் படித்துக் குறித்துக்கொண்ட பிறகே தாளை உரியுங்கள். தின்னர் கொண்டு துடைத்தால் விரிசல் விழும்.

வைகைக்கரை எழுதியது:
அனைவருக்கும் நன்றி. மின்தகட்டைப் பிரித்துவிடுகிறேன். ஏஎஸ்ஏ இங்கே உடனே கிடைக்காவிட்டால், ஏபிஎஸ்ஸில் அச்சடித்து வெள்ளை வண்ணம் பூசலாமா?

அச்சுப்பட்டறை எழுதியது:
பூசலாம். வெளிச்சுவருக்கான, நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்த பின் இரண்டு பூச்சாகக் கொடுங்கள். தட்டுகளின் விளிம்பில்தான் பூச்சு மெலியும், அங்கே தூரிகையை மறுமுறையும் ஓட்டுங்கள். வண்ணம் வெளுத்துப் பொடியாக உதிரத் தொடங்கினால் மீண்டும் பூச வேண்டும்.