சிறிய முதியோர் பராமரிப்பு இல்லங்கள்: இரவுப் பணியில் கவனிக்க வேண்டியவை

சென்னையிலும் கோவையிலும் வாடகை வீட்டில் பத்துப் பதினைந்து கட்டில் போட்டு நடத்தும் இல்லங்களுக்குப் பகலில் போனால் பெரிய குறை தெரியாது. சிஸ்டர், ஆயா, சமையலம்மா எல்லோரும் இருப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் விழித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அப்படி எட்டுப் பேர் என்று வையுங்கள். திருப்பி, டயப்பர் பார்த்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் சரிசெய்ய ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம். ஒரு சுற்று முடியவே ஒரு மணி நேரம், அதுவும் இரண்டு பேர் சேர்ந்து செய்தால். தனி ஆள் தூக்க முடியாமல் இழுப்பார். இழுபடும்போது இடுப்புக்குக் கீழே தோல் உராய்ந்து புண்ணுக்கு வழி திறக்கும். திருப்பிய நேரம் எழுதும் நோட்டை வாங்கிப் பாருங்கள். 10, 12, 2, 4 என்று பிசகாமல் இருந்தால் நம்பாதீர்கள். உண்மையான நோட்டில் '2.20, இடது பக்கம்' என்றுதான் இருக்கும்.

•

"ஏர் பெட் இருக்கே, திருப்ப வேண்டாம்" என்பார்கள். தவறு. ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், திருப்பும் வேலையைச் செய்யாது. பம்பில் உள்ள திருகைப் படுத்திருப்பவர் எடைக்கு ஏற்ப வைக்க வேண்டும். முழுக்கத் திருகிவிட்டால் பலகை போல இறுகிவிடும். இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. பம்பை இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும்.

கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. தயவுசெய்து இதை ஆயாக்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், அன்பினால்தான் தேய்க்கிறார்கள்.

•

உணவு கொடுக்க மூக்கு வழியாகக் குழாய் வைத்தவர்களுக்கு வேலையின் வரிசை முக்கியம். முதலில் டயப்பர், திருப்புதல். அதன் பிறகுதான் உணவு. கஞ்சி கொடுத்த கையோடு டயப்பர் மாற்றத் தட்டையாகப் படுக்க வைத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகும், இரண்டே நாளில் சளியும் காய்ச்சலும் வரலாம். கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்; கொடுத்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே. மூக்கருகே குழாயில் போட்ட குறி நகர்ந்திருந்தால் சிஸ்டர் பார்க்கும்வரை எதுவும் கொடுக்கக் கூடாது. கஞ்சியை வடிகட்டுங்கள்; முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விடுங்கள். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது, மாற்று மருந்தை டாக்டரிடம் கேளுங்கள்.

•

சுகர் உள்ளவர்களுக்கு ஒன்று. பல இல்லங்களில் ஆறரைக்கே இரவுச் சாப்பாடு முடிந்து அடுப்பு அணைந்துவிடும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு நள்ளிரவுக்கு மேல் சுகர் இறங்கலாம். வியர்வை, உளறல், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை ஆகியவற்றை அசந்த தூக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். உடனே சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

•

சேர்க்கும்போதே எழுதி வாங்க வேண்டியவை: டயப்பர் யார் செலவு, அட்வான்ஸ் எப்போது திரும்பும், இரவில் எந்த ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸில் கூடப் போவது யார் என்பதையும் சேருங்கள். இருக்கும் ஒரே அட்டெண்டர் ஏறிப் போய்விட்டால் மற்றவர்களைப் பார்க்க யார் வருவார் என்று பெயரும் போன் நம்பரும் அதிலேயே இருக்க வேண்டும். கொடுமைப்படுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் முதியோர் உதவி எண் 14567.