மாமியா ஆர்பி67 பிலிம் கேமராவில் முகம் எடுக்க அரை ஸ்டாப் கூட்டணுமா?

பெல்லோஸ்67:
"ஜன்னல் வெளிச்சத்துல கைமீட்டர் (கையில பிடிக்கிற ஒளிமானி) சொல்றதை அப்படியே வை, 35 எம்எம்முக்கும் அதைவிடப் பெரிய மீடியம் ஃபார்மட்டுக்கும் ஒரே கணக்குதான்" என்று புதியவர்களுக்கு ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். தப்பு. 127 எம்எம் லென்ஸ், தலையும் தோளுமாக 40 செ.மீ. உயரம். 6×7 செ.மீ. நெகட்டிவில் அது 7 செ.மீ. உருப்பெருக்கம் 0.175. கிட்டத்தில் ஃபோகஸ் செய்ய, லென்ஸைத் தாங்கும் மடிப்புத் துருத்தி, அதாவது பெல்லோஸ், 22 மி.மீ. நீளும்; பிலிமுக்கு வரும் வெளிச்சம் குறையும். உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, 1.175-ஐ வர்க்கப்படுத்தினால் கிட்டத்தட்ட 1.4 மடங்கு வெளிச்சம் வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்; இங்கே அரை ஸ்டாப் போச்சு.

நிழல்ராஜா:
அந்த "ஒருவர்" நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். போர்ட்ரா 400 பிலிமுக்கு அரை ஸ்டாப் ஒரு பொருட்டா?

பெல்லோஸ்67:
கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. ஜன்னலுக்கு மறுபக்கக் கன்னம் ஏற்கெனவே இரண்டு மூன்று ஸ்டாப் கீழே. அதிலும் அரை போனால் நிழல் சேறாகும், ஸ்கேனில் கிரெய்ன் (பிலிமின் புள்ளி) பொங்கும். கேமரா பக்கவாட்டில் இந்தக் கூடுதலைக் காட்டும் ஸ்கேல் எதற்கு ஒட்டியிருக்கு, அலங்காரத்துக்கா?

தூரிகை:
400 பிலிமுக்கு மீட்டரில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200 வைங்க, ஒரு ஸ்டாப் கையில இருக்கும். சண்டை முடிஞ்சுது.

பெல்லோஸ்67:
முடியலை. அந்த ஒரு ஸ்டாப் நிழலுக்கு. பாதியை பெல்லோஸ் தின்றுவிடும்.

நிழல்ராஜா:
லென்ஸ் துவாரத்தை எஃப் 3.8 வரை முழுசாத் திறந்தாச்சு. அரை ஸ்டாப் எங்கேயிருந்து வரும்? ஷட்டரை 1/125 நொடியிலிருந்து 1/60 ஆக்கினா, கையில பிடிச்சா இமைமுடி கலங்கிடும்.

பெல்லோஸ்67:
எஃப் 3.8-ல் அந்தத் தூரத்தில் கூர்மை ஒன்றரை, இரண்டு செ.மீ.தான். முகம் திரும்பியிருந்தால் தூரத்துக் கண் மங்கும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 8, ட்ரைபாட். லென்ஸ் குமிழை எம்முக்குத் திருப்பி அதிலேயே கேபிள் மாட்டுங்க. கேமரா உடலிலுள்ள பட்டன் உள்ளேயிருக்கும் கண்ணாடியைத் தூக்கும், அதிர்வு அடங்கியதும் கேபிளை அழுத்தி ஷட்டரை இயக்கலாம்.

நிழல்ராஜா:
எஃப் 8-ன்னா 1/30. உட்கார்ந்திருக்கறது ஆளு, சிலையில்லை.

டிஜிட்டல்வேலு:
44×33 மி.மீ. டிஜிட்டல் சென்சார்ல மீட்டர் லென்ஸ் வழியே பார்க்கும். இந்தத் தொல்லையே இல்லை.

தூரிகை:
645 (6×4.5 செ.மீ.) நெகட்டிவோட பரப்பில் முக்கால்கூட வராதது மீடியம் ஃபார்மட்டா?

டிஜிட்டல்வேலு:
35-ஐவிடப் பெரிசுதானே? பிலிம்காரங்களுக்கு வயித்தெரிச்சல்.

நிழல்ராஜா:
முன்னே நடந்த ரெஃப்ளெக்டர் விவாதத்திலும் பெல்லோஸ் சார் இப்படித்தான், தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால். நான் சொன்னது சொன்னதுதான்: மீட்டர் காட்டுறதை வை.

பெல்லோஸ்67:
ரெஃப்ளெக்டர் பேச்சு இங்கே எதுக்கு? முகத்துக்கிட்ட பிடிச்ச கைமீட்டருக்கு பெல்லோஸ் 22 மி.மீ. நீண்டது எப்படித் தெரியும்? அதுக்குப் பதில் சொல்லுங்க.